நிரலர் குழு நின்றுபோகாமல் நடத்துவது எப்படி: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கையேடு

சிற்றூர்களில் தொடங்கப்படும் நிரலர் (புரோகிராமர்) குழுக்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நின்றுபோகின்றன. முதல் மாதம் அறை நிரம்பி, பக்கத்துக் கடையில் நாற்காலி கேட்டு வாங்க வேண்டியிருக்கும். மூன்றாம் மாதம் பாதிப் பேர் வருவார்கள். ஐந்தாம் மாதம் பேச ஆள் கிடைக்காமல், குழுவைத் தொடங்கியவரே இரண்டாம் முறையாகப் பேசுவார். ஏழாம் மாதம் ‘இந்த மாதம் கூட்டம் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். அதன் பிறகு அந்த வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் வாழ்த்தையும் வேலை விளம்பரத்தையும் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. அறை கிடைக்காமலோ பணம் இல்லாமலோ நின்றுபோன குழு எதையும் நான் கண்டதில்லை. பேச்சு தீர்ந்துபோவதால்தான் குழு தீர்ந்துபோகிறது.

சென்னையிலோ பெங்களூரிலோ இந்தத் தட்டுப்பாடு அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் வர மறுத்தால் அடுத்தவரைக் கேட்கலாம். கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தின் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் நிலைமை வேறு. இங்குள்ள நிரலர்களில் ஒரு பகுதியினர் 1990-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் டெக்னோபார்க் மென்பொருள் வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள். விடியலில் குழித்துறையில் ரயிலேறிக் கழக்கூட்டத்தில் இறங்கி, இரவு வீடு திரும்புகிறவர்கள். இன்னொரு பகுதியினர் வீட்டிலிருந்தபடியே வெளியூர் நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள். அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. மீதிப்பேர் ஜவுளிக்கடை, மருத்துவமனை, நிதி நிறுவனம் போன்றவற்றின் மென்பொருளைத் தனியாளாகக் கட்டி மேய்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும். மாதம் ஒரு பேச்சு என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பேச்சுகள் வேண்டும். அவை இவர்களிடமிருந்துதான் வந்தாக வேண்டும். வரும் என்பதுதான் என் அனுபவம். ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும்.

நாளும் இடமும்

முதலில் நாளை நிலைப்படுத்துங்கள். ஒவ்வொரு மாதமும் ‘யாருக்கு எந்த நாள் வசதி’ என்று வாக்கெடுப்பு நடத்துகிற குழு நீடிக்காது; வாக்களிக்காதவர்களுக்கு அது தங்களுடைய கூட்டம் இல்லை என்று தோன்றிவிடுகிறது. இந்த மாவட்டத்தில் ஞாயிறு காலையை நினைக்கவே வேண்டாம், பாதிப் பேர் தேவாலயத்தில் இருப்பார்கள். ஞாயிறு மாலையும் உதவாது. வாரம் முழுவதும் வெளியூரில் தங்கி வேலை செய்பவர்கள் அப்போது பையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இரண்டாம் சனிக்கிழமை மாலை 4 மணி என்று வைத்துக்கொண்டோம். இது நாங்கள் கண்டுபிடித்த முறை அல்ல. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் பல ஆண்டுகள் இரண்டாம் சனிக்கிழமையில்தான் கூடிவந்தது. அழைப்பிதழ் கைக்கு வராதவரும் நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வந்து சேர முடிந்தது.

இரண்டாம் சனிக்கிழமை திருவிழாவோடு மோதும் மாதங்களை ஜனவரியிலேயே நாட்காட்டியை வைத்துக் குறித்துவிடுங்கள். ஓணத்தை ஒட்டிய நாட்கள் எங்களுக்கு அப்படிப்பட்டவை. மாற்றுத் தேதியை அப்போதே அறிவித்துவிட்டால் அது மாற்றமாகவே தெரியாது. முந்தைய வியாழக்கிழமை அறிவித்தால் கூட்டம் ரத்தானதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். மழைக்கு மட்டும் தேதி மாற்ற வேண்டாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் ஊர் இது. மழை பார்த்துக் கூட்டம் வைப்பதென்றால் ஆண்டில் நான்கைந்து மாதம் மிஞ்சினாலே பெரிது.

இடத்தைப் பொறுத்தவரை, பதினைந்து நாற்காலி போட்டால் நிரம்பிவிடும் அறைதான் சிறந்தது. எங்களுக்குச் சனி மாலையில் காலியாக இருக்கும் ஒரு டியூஷன் சென்டரின் மாடி கிடைத்தது. பாடம் நடத்தப் பயன்படும் பெரிய டிவி அங்கேயே இருப்பதால் புரொஜெக்டர் தேவைப்படவில்லை. ஓர் எச்டிஎம்ஐ கேபிளும், மூன்று பின் சொருகும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும், யுஎஸ்பி-சி லேப்டாப்புக்கான இணைப்பானும் குழுவின் சொந்தச் சொத்தாக ஒரு பையில் இருக்கட்டும். கல்லூரி அரங்கம் இலவசமாகக் கிடைக்கும் என்று ஆசைப்பட்டு ஒருமுறை போனோம். அனுமதிக் கடிதம், வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்து பேச்சாளர் லேப்டாப்பைத் திறக்கும்போது 50 நிமிடம் கழிந்திருந்தது. முந்நூறு பேர் அமரும் அரங்கில் முதல் மூன்று வரிசையில் இருந்தவர்கள் மட்டுமே விழித்திருந்தார்கள். பொன்னாடை போடுகிற இடத்தில் ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று எழுந்து சொல்ல யாருக்கும் வாய் வராது.

பேச்சாளரைக் கண்டுபிடிப்பது

இந்தக் கையேட்டில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

‘அடுத்த மாதம் பேச விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்’ என்று பொதுவில் கேட்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். நாங்கள் எட்டு மாதம் அப்படிக் கேட்டோம். பெயர் கொடுத்தவர்கள் இருவர். இருவரும் ஏற்கெனவே பேசிப் பழகியவர்கள். மற்றவர்கள் அடக்கத்தால் ஒதுங்கினார்கள் என்று அப்போது நினைத்தோம். உண்மையில் அவர்கள் தங்கள் வேலையில் பேசத்தக்க விஷயம் ஏதும் இருப்பதாகவே எண்ணவில்லை. பேச்சு என்றால் கிளவுட், செயற்கை நுண்ணறிவு என்று மேலே இருக்கிற ஒன்று. தான் செய்வது பில் போடும் மென்பொருளில் ஓட்டை அடைக்கிற வேலை. இந்த எண்ணத்தை அவர் மனத்திலிருந்து எடுப்பதுதான் நடத்துபவரின் முதல் வேலை.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜவுளிக்கடை ஒன்றின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் மாதந்தவறாமல் வருவார், கடைசி வரிசையில் இருப்பார், பேச்சு முடிந்ததும் கட்டன் சாயா குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் சாயா குடிக்கும்போது, கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் ‘நாகர்கோவில்’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள் என்றும், இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். பழைய எழுத்துருவிலிருந்து, எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு மாற்றப்பட்ட பெயர்களில் ‘கோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறி, இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியீடுகளாக உட்கார்ந்திருந்தது. புதிதாகத் தட்டச்சு செய்த பெயர்களிலோ அது ஒரே குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தான் நிரல்மொழியில் அந்தப் பெயரின் நீளம் கேட்டால் ஒன்று 11 என்று சொல்லும், மற்றது 12 என்று சொல்லும்.

“சாரே, இதை அடுத்த மாசம் எல்லாருக்கும் சொல்லணும்” என்றேன்.

“இதெல்லாம் பேசுற காரியமா சாரே? யாராவது சிரிப்பாங்க” என்றார்.

“இப்போ என்கிட்ட சொன்னதை அப்படியே சொன்னால் போதும். இருபது நிமிஷம். லேப்டாப்பில் அந்த ரெண்டு நாகர்கோவிலையும் காட்டுங்க.”

அவர் பேசினார். ‘நாகர்கோவில்’ என்பது கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 11 குறியீடு, யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் 33 பைட் என்று ஒவ்வொரு வரியாக ஓட்டிக் காட்டியபோது, டெக்னோபார்க்கில் பத்தாண்டு வேலை செய்தவர்கள்கூட முன்னால் நகர்ந்து வந்தார்கள். பெயர்களைச் சேமிப்பதற்கு முன்பு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் பைத்தானின் நார்மலைஸ் வசதியைக் காட்டி முடித்தார். அதற்குப் பிறகு கேள்விகள் 50 நிமிடம் ஓடின. மருத்துவமனை மென்பொருளைப் பார்க்கும் பெண் ஒருவர், தம் நோயாளிப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவதன் காரணம் இப்போதுதான் புரிகிறது என்றார். மூன்று மாதம் கழித்து அவரும் பேசினார்.

இதிலிருந்து நாங்கள் வழக்கமாக்கிக்கொண்ட முறை இதுதான். பேச்சாளரைத் தேடிப் போகாமல், சாயா நேரத்தில் காதைத் திறந்து வைத்திருக்கிறோம். ‘இரண்டு நாள் மண்டையைக் குழப்பியது’, ‘கடைசியில் பார்த்தால் ஒரு வரிதான்’, ‘எங்கள் ஆபீஸில் வேறு வழியில்லாமல் இப்படிச் செய்தோம்’ என்று யார் சொன்னாலும் அங்கே ஒரு பேச்சு இருக்கிறது என்று பொருள். கேட்கும்போது ஆளைப் பெயர் சொல்லி, நேரிலோ தொலைபேசியிலோ, இந்த விஷயம், இந்தத் தேதி, இத்தனை நிமிடம் என்று சுருக்கமாகக் கேட்க வேண்டும். ‘எதைப் பற்றியாவது பேசுங்கள்’ என்று கேட்டால் யாருக்கும் எதுவும் தோன்றாது. மறுத்தால் ஒருமுறை மட்டும் திரும்பக் கேளுங்கள், அதுவும் அடுத்த மாதத்தில். மூன்றாம் முறை கேட்டால் அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்.

சம்மதித்தவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது. புதிதாகப் பேசுபவருக்கு உள்ளடக்கத்தைவிட ஒழுங்குதான் கடினமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், கணினியின் வரலாற்றிலிருந்து தொடங்கிவிடுவார். அவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதித் தரச் சொல்கிறோம்: என்ன கோளாறு வந்தது, முதலில் எதைக் காரணமாக நினைத்தீர்கள், உண்மையான காரணம் என்ன. அந்த மூன்று பதிலும் அதே வரிசையில் பேச்சாகிவிடும். இரண்டாம் கேள்விக்கான பதிலை வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். அதை விடாமல் கேட்டு வாங்குங்கள், கேட்பவர்கள் தங்களையே காண்பது அந்த இடத்தில்தான். கூட்டத்துக்கு முந்தைய வியாழன் இரவு தொலைபேசியில் ஒருமுறை முழுவதையும் சொல்லச் சொல்லுங்கள். திருத்தம் சொல்வதற்காக அல்ல. சனிக்கிழமை அவர் சொல்வது முதல் முறையாக இருக்கக் கூடாது என்பதற்காக.

இரண்டு தொழில்முறை எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உண்மையான வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், நிறுவனத்தின் கடவுச்சொல், உள் சர்வர் முகவரி ஆகியவை திரையில் தெரியக் கூடாது. பேச்சாளர் போலித் தரவை வைத்து ஒரு சிறு மாதிரி செய்து கொண்டுவரட்டும், அல்லது நிறுவனத்திடம் அனுமதி கேட்கட்டும். இணையத்தை நம்பி எதையும் செய்து காட்ட வேண்டாம். இடி இடித்தால் முதலில் போவது மின்சாரம், அடுத்தது நெட். செய்து காட்ட வேண்டியதை முன்பே திரைப்பதிவாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தின் அளவு கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்பதைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

முதல் இருபது நிமிடமும் ஒரு நோட்டும்

சாயா நேரத்தில் காது கொடுப்பதை நம்பி மட்டும் ஆண்டு முழுவதும் ஓட்ட முடியாது. அதே பேச்சைக் கூட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டால், பேச்சுகள் தாமே வந்து விழும்.

1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் பிரெஞ்சு என்பவரின் கார் கொட்டகையில் கூடத் தொடங்கிய ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்பில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. லீ ஃபெல்சென்ஸ்டீன் நடத்திய அந்தக் கூட்டங்களில் முதலில் ஆளாளுக்கு எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வார்கள்; பிறகு கூட்டம் கலைந்து, தமக்கு வேண்டியவரைத் தேடிப்போய்த் தனித்தனியாகப் பேசிக்கொள்வார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினியை ஸ்டீவ் வாஸ்னியாக் கொண்டுவந்து காட்டியது அந்தக் கூட்டத்தில்தான். நமக்கு அவ்வளவு பெரிய கணக்கு வேண்டாம்; முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் கூட்டத்தின் முதல் இருபது நிமிடம் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியம் சொல்வதற்கானது: இந்த மாதம் எதில் வேலை செய்தேன், எதில் மாட்டிக்கொண்டேன். பெயரையும் கல்லூரியையும் சொல்லி முடித்துவிடும் மாணவரிடம் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒருவர் இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வார். கணினியில் எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டுபவர் முன்னால் யாரும் தாம் மாட்டிக்கொண்டதைச் சொல்வதில்லை என்பதால் நோட்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த நோட்டைப் புரட்டினால் அடுத்த மூன்று மாதத்துக்கான பேச்சுகள் கிடைக்காத மாதம் இதுவரை இல்லை. ரசீது அச்சிடும் தெர்மல் பிரிண்டரில் தமிழ் எழுத்து வராததால், ரசீதை முழுப் படமாக வரைந்து, 80 மில்லிமீட்டர் தாளில் வரிக்கு 576 புள்ளி என்று கணக்கிட்டு அனுப்பிய ஒருவரின் பேச்சு அப்படித்தான் கிடைத்தது.

இருபது நிமிடப் பேச்சுக்கே தயங்குபவர்களுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். 2000-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க்கில் நடந்த பெர்ல் என்ற நிரல்மொழிக்கான மாநாட்டில் மார்க் ஜேசன் டொமினஸ் மின்னல் பேச்சு என்ற பெயரில் ஐந்து நிமிடப் பேச்சுகளை ஒழுங்கு செய்தார். அதன் பின் அது உலகெங்கும் பரவிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக் கூட்டத்தையும் ஆறு மின்னல் பேச்சுகளாக வைத்தால், ஆறு புதிய பேச்சாளர்கள் வெள்ளோட்டம் பார்த்துவிடுவார்கள். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும் என்ற விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள், முக்கியமாகப் பேராசிரியர்களுக்கு.

கையிருப்பு

அடுத்த மூன்று மாதத்துக்கான பேச்சாளர்கள் எப்போதும் உறுதியாகியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு பேச்சு கையிருப்பில் இருக்க வேண்டும். நடத்துபவர்களில் ஒருவர் எந்த நேரத்திலும் எழுந்து பேசக்கூடியதாக அது இருக்கட்டும். ரயில் தாமதமாகிப் பேச்சாளர் பாறசாலையில் நிற்கும் நாளுக்காகத்தான் அது. வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது.

அதுவும் தீர்ந்துபோனால், யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய திறந்த மூல நிரல் ஒன்றின் ஒரே ஒரு கோப்பைத் திரையில் போட்டு வரிவரியாகப் படியுங்கள். பேச்சாளர் இல்லாமலே ஒன்றரை மணி நேரம் போவது தெரியாது. நாட்காட்டியும் உதவும். பைத்தான் 2020 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஆகவே நவம்பர்க் கூட்டத்தில் புதிய பதிப்பில் வந்திருப்பவற்றை இரண்டு மாணவர்கள் சேர்ந்து சொல்வது என்று ஜூலையிலேயே முடிவுசெய்துவிடலாம். செப்டம்பரில் மென்பொருள் சுதந்திர நாளை ஒட்டிய கூட்டத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஆள் கிடைப்பார்கள்; 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்ட நகரம் அது, கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் ஓடுவதைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். வெளியூர்ப் பேச்சாளரை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் அழைக்காதீர்கள். அவர்கள் நன்றாகப் பேசுவார்கள். அதைக் கேட்ட உள்ளூர்க்காரர் ‘நான் இனி என்ன பேசுவது’ என்று பின்வாங்கிவிடுகிறார்.

எந்த மொழியில் பேசுவது

1956 நவம்பர் 1 அன்று இந்த வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. ஆனால் வீட்டில் பேசும் மொழி எல்லைக்கல்லைப் பார்த்து மாறுவதில்லை. எங்கள் அறையில் தமிழ் மட்டும் பேசுபவர், மலையாளம் மட்டும் பேசுபவர், இரண்டையும் கலந்து பேசுபவர் என மூவகையினரும் உண்டு. தொடக்கத்தில் ‘எல்லோருக்கும் பொதுவாக’ ஆங்கிலத்தில் பேசுவது என்று வைத்தோம். அது பொதுவானதாக இல்லை. பேசியவர்கள் மனப்பாடம் செய்ததைச் சொன்னார்கள். கேள்வி கேட்க ஒருவரும் எழவில்லை.

இப்போது உள்ள விதி, பேசுபவர் தமக்குச் சண்டை போட வருகிற மொழியில் பேசலாம் என்பது. தமிழோ மலையாளமோ, காதால் கேட்டால் இரு தரப்புக்கும் பெரும்பாலும் புரிந்துவிடுகிறது, எழுத்தில்தான் சிக்கல். பாறசாலைக்காரருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தக்கலைக்காரருக்கு மலையாள எழுத்து தெரியாது. ஆகவே ஸ்லைடில் வாக்கியங்களைக் குறைத்து, படம், நிரல், பிழைச்செய்தி ஆகியவற்றை மட்டும் காட்டச் சொல்கிறோம். கேள்வியை யார் எந்த மொழியிலும் கேட்கலாம், பதிலையும் அப்படியே சொல்லலாம். கலைச்சொற்களில் பிடிவாதம் வேண்டாம்: சர்வரைச் சர்வர் என்றே சொல்பவரை நடுவில் நிறுத்தி வழங்கி என்று திருத்தினால், அடுத்த வாக்கியம் அவருக்கு வராது. தமிழ்க் கலைச்சொற்களில் ஆர்வமுள்ளவர்கள் அதையே ஒரு பேச்சாக வைக்கட்டும். எங்களிடம் ஒருவர் வைத்தார், நல்ல சண்டையாக முடிந்தது.

காவல் காக்க வேண்டியவை

பயிற்சி நிறுவனம் ஒன்று ‘உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நாங்கள் மாதந்தோறும் பேச்சாளரை அனுப்புகிறோம்’ என்று முன்வந்தது. பேச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் ஒப்புக்கொண்டோம். வந்தவர் 40 நிமிடம் படிப்புக் கட்டணத்தையும் தள்ளுபடியையும் விளக்கினார். அடுத்த மாதம் ஏழு பேர் வந்தார்கள். அதன் பிறகு, விற்பனை நோக்கமுள்ள பேச்சு எதற்கும் இடமில்லை என்பதை எழுதி வைத்துவிட்டோம். வேலை வாய்ப்பு இருந்தால் கடைசியில் இரண்டு நிமிடம் சொல்லிக்கொள்ளலாம். மாணவர்களுக்கு வருகைச் சான்றிதழ் தருவதும் இதே வகைத் தவறுதான்: அறை நிரம்பும், காது நிரம்பாது.

மாலை 6 மணிக்கு முடித்துவிடுங்கள். மலையோரத்துக்குப் போகும் பேருந்துகள் இருட்டிய பின் குறைவு. நேரம் இழுத்தால் முதலில் வரவை நிறுத்துபவர்கள் பெண்கள். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் திறமையான நிரலர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு வரலாம் என்று அழைப்பிலேயே ஒரு வரி எழுதிய மாதத்திலிருந்து அவர்களில் மூவர் வருகிறார்கள். பின் வரிசையில் ஒரு பையன் கிரேயான் வைத்து வரைந்துகொண்டிருப்பதால் யாருடைய கவனமும் கெட்டுவிடவில்லை.

செலவு பெரிதாக இல்லை. ஆளுக்கு 30 ரூபாய் சாயாவுக்கும் பழம்பொரிக்கும் போதும். மாணவர்களிடம் வாங்க வேண்டாம். பேசியவருக்கு நினைவுப் பரிசு கொடுக்கத் தோன்றினால், கண்ணாடிப் பெட்டிக்குப் பதிலாக ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் என்று பெருமையாகச் சொல்லிக் கொடுக்கலாம். வீட்டிலும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வார்கள்.

ஒருவரே சுமப்பது

முதல் இரண்டு ஆண்டு எல்லாவற்றையும் நானே செய்தேன். சாவி என்னிடம், பேச்சாளர் பட்டியல் என் தலையில், அறிவிப்பு என் கைபேசியில். மச்சினன் கல்யாண வேலையும் அலுவலகத்தில் இரவு வேலையும் சேர்ந்து வந்த ஒரு பருவத்தில் இரண்டு கூட்டங்கள் நடக்கவில்லை. யாரும் என்மேல் கோபப்படவும் இல்லை, வேறு ஏற்பாடு செய்யவும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. என் கூட்டம் என்று நினைத்துத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்போது வேலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது: சாவியும் நாற்காலியும் ஒருவர், நோட்டும் பேச்சாளரும் ஒருவர், அறிவிப்பும் பணமும் ஒருவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்; பழையவர் ஒரு கூட்டம் கூடவே இருந்து புதியவருக்குக் காட்டிக்கொடுப்பார். வாட்ஸ்அப் குழுவுக்கும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளக் கணக்குக்கும் குறைந்தது மூன்று பேர் நிர்வாகிகளாக இருக்க வேண்டும். பேச்சு முடிந்த அன்றிரவே, பேசியவருக்கு அவர் சொன்னதில் குறிப்பாக எது உதவியது என்று இரண்டு வரி அனுப்புவது நோட்டை வைத்திருப்பவரின் வேலை. ‘அருமை, சூப்பர்’ என்று அனுப்பினால் அது குட்மார்னிங் படத்தோடு போய்ச் சேரும்.

எண்ணிக்கை குறையும் மாதங்கள் வரத்தான் செய்யும். ஒரு நவம்பரில் காலையிலிருந்தே மழை கொட்டி, குழித்துறைத் தாமிரபரணி கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்கு வந்தவர்கள் பேச்சாளரையும் சேர்த்து நான்கு பேர். பேச இருந்தவர் ஓர் இரண்டாமாண்டு மாணவி, முதல் முறை. தள்ளி வைக்கலாமா என்று அவரே கேட்டார். டிவியை அணைத்துவிட்டு, நான்கு நாற்காலியையும் மேசையைச் சுற்றிப் போட்டு, லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டோம். பத்தாம் நிமிடம் மின்சாரம் போயிற்று, அவர் நிறுத்தவில்லை. பேட்டரி தீர்ந்த பிறகு மிச்சத்தை நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். அந்தப் பக்கத்துக்கு மேலே தேதியும், வந்தவர்கள் 4 என்றும், அடுத்த கூட்டம் டிசம்பர் இரண்டாம் சனி என்றும் எழுதியிருக்கிறது.